லூயிஸ் பூர்ஷ்வாவின் துணிக் கோட்டோவியங்கள்

லூயிஸ் பூர்ஷ்வா (டிசம்பர் 25, 1911 - மே 31, 2010) பாரிஸில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த சிற்பி. எஃகில் உருவாக்கிய பிரம்மாண்டமான சிலந்திச் சிற்பங்களுக்காகப் பரவலாக அறியப்பட்டவர். 1953-க்குப் பின் 11 ஆண்டுகள் தனிக்கண்காட்சி எதுவும் நடத்தாமல் இருந்து 1964-ல் மீண்டும் காட்சிக்கு வந்தார். தன் எண்பதுகளின் நடுவில் பழைய உடைகளையும் வீட்டுத் துணிகளையும் வெட்டித் தைத்துப் படைக்கத் தொடங்கினார். 2002 முதல் அவர் செய்த துணிக் கோட்டோவியங்கள் அவருடைய இறுதிக்காலத்தின் முக்கியமான ஆக்கங்கள். கோட்டையும் தையலையும் ஒரே செயலாக ஆக்கியவை என்பதால் அவை இழைக்கலை பற்றிய விவாதங்களில் தொடர்ந்து பேசப்படுகின்றன.

பின்னணி

பூர்ஷ்வாவின் பெற்றோர் பழைய சித்திரத் திரைச்சீலைகளை வாங்கிச் செப்பனிட்டு விற்பவர்கள். தாய் ஜோசஃபினின் குடும்பம் திரைச்சீலை நெசவுக்குப் பெயர்பெற்ற ஒபுஸோன் ஊரைச் சேர்ந்தது. விற்பனைக்கூடம் பாரிஸில் இருந்தது. செப்பனிடும் பட்டறை முதலில் ஷ்வாஸி-ல-ர்வாவிலும், பின்னர் பியேவ்ர் ஆற்றங்கரையில் ஆந்தோனியிலும் அமைந்திருந்தது. பியேவ்ர் ஆற்றின் நீர் சாயம் பிடிப்பதற்கு ஏற்றது எனக் கருதப்பட்டது. பட்டறையைத் தாய் கவனித்துக்கொண்டார்.

சுவரில் தொங்கும் திரைச்சீலையில் முதலில் நைந்துபோவது அதன் அடிப்பகுதி. ஆகவே சித்திரத்தில் உள்ள மனிதர்களின் பாதங்களே முதலில் அழியும். ஏறத்தாழ 12 வயதில் பூர்ஷ்வா அந்தப் பாதங்களை வரைந்து கொடுக்கத் தொடங்கினார். அவர் வரைந்ததைப் பின்பற்றிப் பட்டறைப் பெண்கள் இழையோட்டினர்.

பூர்ஷ்வாவின் கலையைப் புரிந்துகொள்ள இந்தச் சிறு தகவல் மிக உதவியானது. அந்தப் பட்டறையில் கோடு என்பது இழைக்கு இடப்படும் கட்டளை. வேலை முடிந்ததும் கோட்டுக்கு அங்கே இடமில்லை. வாங்குபவர் கண்ணில் படுவது இழை மட்டுமே. வரைபவரும் தைப்பவரும் வேறு வேறு ஆட்கள். வரைந்தவள் முதலாளி வீட்டுப் பெண். தைத்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள். இந்த இரு பிரிவினைகளும் எழுபதாண்டுகளுக்குப் பின் அவருடைய துணி ஆக்கங்களில் மீண்டும் தலைகாட்டுகின்றன. ஒன்றை அவர் கடந்தார். மற்றொன்றை முழுமையாகக் கடக்கவில்லை.

பூர்ஷ்வா சோர்போனில் கணிதம் பயின்றார். 1932-ல் தாய் மறைந்தபின் கணிதத்தை விட்டு ஓவியத்துக்கு வந்தார். 1938-ல் அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் ராபர்ட் கோல்ட்வாட்டரை மணந்து நியூயார்க்கில் குடியேறினார்.

காட்சியிலிருந்து விலகல்

பூர்ஷ்வாவின் முதல் தனிக்கண்காட்சி 1945-ல் நடந்தது. அதில் ஓவியங்களே இடம்பெற்றன. 1949-ல் பெரிடோட் காட்சிக்கூடத்தில் மரத்தாலான நெடிய உருவங்களைக் காட்சிக்கு வைத்துச் சிற்பியாக அறிமுகமானார். 1950, 1953 ஆண்டுகளிலும் அங்கே கண்காட்சிகள் நடத்தினார். அதன்பின் 1964 வரை தனிக்கண்காட்சி இல்லை.

1951-ல் தந்தை மறைந்தார். அதைத் தொடர்ந்த கடுமையான மனச்சோர்வில் பூர்ஷ்வா உளப்பகுப்பாய்வுச் சிகிச்சையைத் தொடங்கினார். வீட்டில் மூன்று மகன்கள் வளர்ந்துகொண்டிருந்தனர். ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஒரு சிறிய புத்தகக் கடையும் நடத்தினார். இந்த ஆண்டுகளை அவருடைய மௌனகாலம் என்று குறிப்பிடுவது வழக்கம். ஆனால் அவர் கண்காட்சி நடத்துவதை நிறுத்தினாரே தவிர, வரைவதை நிறுத்தவில்லை.

நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் அவர் வரைந்த மைச் சித்திரங்களில் ஒரே திசையில் ஓடும் குறுங்கோடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். அவை நூற்கண்டுகளையும் கூந்தலையும் மலைச்சரிவுகளையும் ஒருசேர நினைவூட்டுபவை. கோடு ஒரு பொருளின் விளிம்பைக் காட்டும் வேலையை அவற்றில் செய்வதில்லை. இழைபோல ஒன்றன்பக்கம் ஒன்று படிந்து ஒரு பரப்பை உண்டாக்குகிறது. பட்டறையில் கண்ட கம்பளி நூலின் தொங்கல்கள் அக்கோடுகளில் உள்ளன. துணி அவர் கைக்கு வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே அவருடைய கோடு இழையின் குணத்தைப் பெற்றுவிட்டது. காட்சிக்கூடத்தின் நாட்காட்டியை வைத்து ஒரு கலைஞரின் வளர்ச்சியை அளந்தால் இந்தத் தொடர்ச்சி கண்ணுக்குத் தெரியாது.

மீள்வருகை

1964-ல் ஸ்டேபிள் காட்சிக்கூடத்தில் பூர்ஷ்வா மீண்டும் கண்காட்சி நடத்தினார். நிமிர்ந்து நின்ற மர உருவங்களின் இடத்தில் சாந்திலும் ரப்பர்பாலிலும் செய்த, சுருண்ட, உள்ளே குழிந்த வடிவங்கள் இருந்தன. விலங்குகளின் வளைகளையும் கூடுகளையும் போன்றவை அவை. 1966-ல் விமர்சகர் லூசி லிப்பார்ட் நியூயார்க்கில் தொகுத்தளித்த கண்காட்சியில் ஈவா ஹெஸ், புரூஸ் நாமன் போன்ற தன்னைவிட ஒரு தலைமுறை இளையவர்களுடன் பூர்ஷ்வாவும் இடம்பெற்றார். அவருக்கு அப்போது வயது 54.

இந்த மீள்வருகையில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. நெகிழும், தொங்கும், வழியும் பொருட்கள் அனைத்தையும் அவர் முயன்று பார்த்தார். துணி மட்டும் மையத்துக்கு வரவில்லை. துணிக்கு நடுவே பிறந்து வளர்ந்த ஒருவர் அதைத் தவிர்த்தது தற்செயலாக இருக்க முடியாது. அதற்கான விளக்கம் அவர் எழுதிய ஒரு மதிப்புரையில் கிடைக்கிறது.

1969 மதிப்புரை

1969-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 'சுவர்த் தொங்கல்கள்' என்னும் பெயரில் நெசவுக் கலைப்படைப்புகளின் கண்காட்சியை நடத்தியது. மில்ட்ரெட் கான்ஸ்டன்டைனும் ஜாக் லெனர் லார்சனும் தொகுத்த அக்கண்காட்சியில் ஆனி ஆல்பர்ஸ், லெனோர் டானி, ஷீலா ஹிக்ஸ், மக்டலேனா அபகனோவிச் ஆகியோரின் ஆக்கங்கள் இடம்பெற்றன. இழைக்கலை ஒரு பெரிய நவீனக் கலை நிறுவனத்தில் பெற்ற முதன்மையான அங்கீகாரங்களில் ஒன்று அது.

'கிராஃப்ட் ஹொரைசன்ஸ்' இதழில் அதற்கு மதிப்புரை எழுதியவர் பூர்ஷ்வா. அவர் பாராட்டவில்லை. அந்த ஆக்கங்கள் அலங்காரத்தன்மையிலிருந்து விடுபடுவது அரிதாகவே நிகழ்கிறது என்பது அவருடைய வாதம். ஓவியமும் சிற்பமும் பார்ப்பவரிடம் பெரிதாக எதையோ கோருகின்றன, அதே சமயம் பார்ப்பவரைச் சாராமல் தனித்து நிற்கின்றன. இந்த நெசவுகளோ பார்ப்பவரை இதமாக ஈர்க்கின்றன, ஆனால் குறைவாகவே கோருகின்றன. ஆகவே அவை நுண்கலைக்கும் பயன்கலைக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் நிற்கின்றன என்று அவர் கருதினார்.

இந்த மதிப்புரையைப் பின்னாட்களில் பலர் ஒரு முரண்பாடாகச் சுட்டிக்காட்டியுள்ளனர். துணியை அலங்காரம் என்று ஒதுக்கியவர் கடைசியில் துணிக்கே வந்து சேர்ந்தார் என்பது அந்த வாசிப்பு. அது முழுமையான வாசிப்பு அல்ல. அந்த மதிப்புரை ஒரு மேட்டிமைவாதியின் குரலில் எழுதப்பட்டதாகத் தோன்றினாலும், திரைச்சீலைத் தொழிலின் உள்ளே வளர்ந்த ஒருவரின் எச்சரிக்கை அதில் உண்டு. தன் வீட்டில் திரைச்சீலை என்பது பணக்காரர்களின் சுவரை நிறைக்கும் பண்டம் என்பதை அவர் அறிவார். வாங்குபவரின் ரசனைக்காகச் சித்திரங்கள் திருத்தப்படுவதையும் அவர் கண்டிருக்கிறார். துணி எவ்வளவு எளிதாக இதமான பொருளாக மாறிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த மதிப்புரையில் சொல்லப்பட்ட அளவுகோல் பிழையானதல்ல. ஒரு கலைப்படைப்பு பார்ப்பவரிடம் எதைக் கோருகிறது என்பது நியாயமான கேள்வி. அதை ஆல்பர்ஸின் நெசவுக்கும் அபகனோவிச்சின் தொங்கும் பேருருவங்களுக்கும் சரியாகப் பொருத்திப் பார்த்தாரா என்பதே ஐயத்துக்குரியது. ஆல்பர்ஸின் நெசவில் பாவும் ஊடையும் தமக்குள் நடத்தும் வாதம் எந்த அருவ ஓவியத்துக்கும் குறைந்ததல்ல. அபகனோவிச்சின் ஆக்கங்கள் இதமானவை என்று எவரும் சொல்லமுடியாது. எப்படியாயினும், 1969-ல் பிறர்மேல் வைத்த அளவுகோலைக்கொண்டே பூர்ஷ்வாவின் துணி ஆக்கங்களையும் அளப்பது முறையானது.

துணிக்குத் திரும்புதல்

1982-ல் நவீனக் கலை அருங்காட்சியகம் பூர்ஷ்வாவின் மீள்பார்வைக் கண்காட்சியை நடத்தியபோது அவருக்கு வயது 70. அதன்பின் அவர் புகழ் வளர்ந்தபடியே இருந்தது. 1993-ல் வெனிஸ் இரண்டாண்டுக் கலைவிழாவில் அமெரிக்க அரங்கு அவருக்கு அளிக்கப்பட்டது.

1994 நவம்பர் முதல் 1995 ஜூன் வரை, உறக்கமற்ற இரவுகளில் அவர் 220 சித்திரங்களை வரைந்தார். சுழல்கள், அலைகள், வலைகள், திரும்பத்திரும்ப வரும் சிறு கோடுகள். கையை ஓயவிடாமல் வைத்திருப்பதே அவற்றின் நோக்கம். தையலின் அசைவும் அதுவே. அடுத்த ஆண்டில் அவர் தன் அலமாரிகளைத் திறந்தார். பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த உள்ளாடைகள், மேலாடைகள், படுக்கை விரிப்புகள், கைத்துண்டுகள் ஆகியவை கலைப்பொருட்களாயின.

தொடக்கத்தில் வந்த ஆக்கங்களில் உடைகள் உடைகளாகவே இருந்தன. 1996-ல் செய்த ஓர் ஆக்கத்தில் மாட்டெலும்புகளை மாட்டியாகக்கொண்டு உள்ளாடைகள் தொங்குகின்றன. காட்சியாக அது வலுவானது. ஆனால் அந்த உடை யாருடையது என்னும் செய்தி இல்லாமல் அதன் பாதி எடை குறைந்துவிடுகிறது. உடைகள் தொங்கும் அறை நிறுவுகலைகள் சிலவற்றிலும் இதே சிக்கல் உண்டு. அவை வாழ்க்கை வரலாற்றின் துணையை நாடி நிற்கின்றன.

துணியால் செய்து பஞ்சடைத்த உருவங்கள் இதிலிருந்து ஒரு படி மேலே சென்றவை. 2001-ல் செய்த 'படுக்கையில் எழுவர்' ஆக்கத்தில் இளஞ்சிவப்புத் துணி உடல்கள் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. சிலவற்றுக்கு இரண்டு முகங்கள். தையல் மறைக்கப்படவில்லை. முரட்டுத்தனமான, காயத்துக்குப் போட்டதுபோன்ற தையல். வீட்டுப் பொம்மை என்னும் இதமான பொருள் அங்கே தொந்தரவூட்டும் பொருளாகிறது. இவற்றைப் பார்க்க எந்தப் பின்கதையும் தேவையில்லை.

மறதிக்கு ஒரு துதி

2002-ல் பூர்ஷ்வா 'மறதிக்கு ஒரு துதி' என்னும் துணிப்புத்தகத்தை உருவாக்கினார். அதன் தாள்கள் அவருடைய 1938 திருமணச் சீர்வரிசையில் இருந்த லினன் கைத்துண்டுகள். பலவற்றில் அவருடைய பெயரெழுத்துகள் பூத்தையலாக உள்ளன. முப்பதுக்கும் மேற்பட்ட அப்பக்கங்களில் பழைய உடைகளின் துண்டுகள் வட்டங்களாகவும் கட்டங்களாகவும் அடுக்குகளாகவும் தைக்கப்பட்டுள்ளன. பக்கங்கள் காஜா எடுத்த துளைகள் வழியாகக் கோக்கப்பட்டவை. கழற்றித் தனித்தனியாகச் சுவரில் மாட்டலாம்.

தலைப்பு மறதியைப் போற்றுகிறது, ஆனால் செய்யப்பட்டிருக்கும் பொருளோ நினைவுச்சின்னம். இந்த முரணே புத்தகத்தின் உயிர். ஒரு உடையை வெட்டி வட்டமாக்கும்போது அது அணிந்தவரை இழந்துவிடுகிறது. எந்த விருந்துக்கு அணிந்தது, எந்த வருடம் வாங்கியது என்பதெல்லாம் கத்தரிக்கோலுக்கு முன் நிற்பதில்லை. எஞ்சுவது நிறமும் நெய்யப்பட்ட கோடும் மட்டுமே. பாதுகாத்து வைப்பதும் அழிப்பதும் ஒரே செயலில் நடந்துமுடிகின்றன. உடையை எலும்பில் தொங்கவிட்ட ஆக்கத்தில் இந்தத் துணிவு இல்லை. அங்கே அவர் உடையைக் காப்பாற்றினார், இங்கே வெட்டினார்.

இப்புத்தகம் 2004-ல் 25 படிகளாகப் பதிப்பிக்கப்பட்டது. பழைய துணிகளுக்கு ஈடான துணிகளைப் புதிதாகச் சாயமிட்டும் அச்சிட்டும் உருவாக்கினர். தொழில்நுட்ப அளவில் அது பெரும் சாதனை. எனினும், ஒருவர் உடுத்தி நைந்த துணியைப் படியெடுக்கும்போது அதில் உடுத்திய தடம் மட்டும் வராது. மூலத்தின் வலிமை எதில் இருந்தது என்பதைப் பதிப்பே தெளிவாகக் காட்டிவிடுகிறது.

கோடாக மாறும் தையல்

2002-க்கும் 2008-க்கும் இடையே பூர்ஷ்வா செய்த துணிக் கோட்டோவியங்களில் வலை வடிவங்களே தலைசிறந்தவை. அவற்றின் செய்முறை எளியது. கோடு போட்ட துணியை ஒரே அளவான முக்கோணங்களாக, கோடுகள் அடிப்பக்கத்துக்கு இணையாக அமையும்படி வெட்ட வேண்டும். முக்கோணங்களின் கூர்முனைகளை நடுவில் கூட்டி, பக்கத்தோடு பக்கம் வைத்துத் தைக்க வேண்டும். துணியில் இருந்த கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த பலகோணங்கள் ஆகின்றன. தையல் மூட்டுகள் மையத்திலிருந்து விரியும் ஆரங்கள் ஆகின்றன. சிலந்திவலை கிடைத்துவிடுகிறது.

இதில் எந்தக் கோடும் வரையப்படவில்லை. வளையங்கள் ஏதோ ஒரு ஆலையில் நெய்யப்பட்டவை. ஆரங்கள் வெட்டும் தையலும் உண்டாக்கியவை. கலைஞர் எடுத்த முடிவு எங்கே வெட்டுவது, எங்கே சேர்ப்பது என்பதே. அடுத்தடுத்த துண்டுகளின் கோடுகள் மூட்டில் மயிரிழை விலகினாலும் வளையம் உடைந்துவிடும். சில ஆக்கங்களில் அவை உடையவும் செய்கின்றன. அந்த விலகலில்தான் கை தெரிகிறது. அச்சில் வார்த்ததுபோன்ற ஒழுங்கை எதிர்பார்க்கும் கண் அந்த இடத்தில் தடுக்கி நின்று, மீண்டும் மையத்துக்குப் போகிறது.

ஆந்தோனிப் பட்டறையில் கோடு இழைக்கு வழிகாட்டிவிட்டு மறைந்தது. இங்கே இழையே கோடு. முன்வரைவு, செயல்பாடு என்ற இரண்டு படிகள் இல்லை. பூர்ஷ்வா சிலந்தியை முதலில் வரைந்தது 1947-ல், தாளில். 1999-ல் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் உயரத்தில் 'அம்மா' என்னும் சிலந்தியை எஃகில் செய்தார். துணி வலைகளில் சிலந்தி இல்லை. அது செய்த வேலை மட்டும் இருக்கிறது. கிழிந்தால் சினம் கொள்ளாமல் திரும்பப் பின்னும் தாயைப் பற்றி அவர் பலமுறை பேசியிருக்கிறார். அந்தப் பேச்சை அறியாதவரையும் இந்த வலைகள் நிறுத்தி வைக்கும். 1969-ன் அளவுகோலை இவை நிறைவு செய்கின்றன.

இதே வரிசையில் உள்ள மலர் வடிவங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நிறத்துணிகளை இதழ்களாக அடுக்கிய அவற்றில் பல அழகானவை. ஆனால் கண் அவற்றில் வழுக்கிச் சென்றுவிடுகிறது. பிறருடைய நெசவில் பூர்ஷ்வா கண்ட குறையை இவற்றிலும் காணலாம்.

விமர்சனங்கள்

பூர்ஷ்வாவின் துணி ஆக்கங்கள்மேல் இரண்டு முக்கியமான கேள்விகள் எழுகின்றன. முதலாவது, தைத்த கைகள் பற்றியது. தொண்ணூறு வயதை ஒட்டிய பூர்ஷ்வா தையற்காரரின் உதவியுடனேயே இவற்றைச் செய்தார். துணியைத் தேர்வதும் அடுக்குவதும் அவருடையவை. தையலில் பெரும்பகுதி பிறருடையது. சிற்ப உலகில் இது வழக்கமே. வெண்கல வார்ப்பைச் சிற்பியே செய்யவேண்டும் என எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் தையல்தான் பொருளே என்று சொல்லப்படும் ஆக்கங்களில் தைத்தவரின் பெயர் ஓரத்துக்குப் போவது உறுத்தலானது. ஒருவர் வரைய மற்றவர் தைத்த பழைய பட்டறையின் பிரிவினை இங்கே எஞ்சியிருக்கிறது.

இரண்டாவது, பெயர் சார்ந்தது. 'மறதிக்கு ஒரு துதி' உருவான அதே 2002-ல் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த கறுப்பினப் பெண்களின் ஒட்டுத்துணிப் போர்வைகள் பெரிய அருங்காட்சியகங்களில் காட்சிக்கு வந்தன. உழைத்து நைந்த வேலையுடைகளை வெட்டித் தைத்தவை அவை. அவற்றிலும் கோடு துணியிலிருந்தே வருகிறது. வெட்டும் மூட்டும் அவற்றிலும் துணிச்சலானவை. ஆயினும் அவை போர்வைகள் என்றே அழைக்கப்பட்டன. பூர்ஷ்வாவின் ஆக்கங்கள் கோட்டோவியங்கள் என்று அழைக்கப்பட்டன. இந்த வேறுபாட்டின் ஒரு பகுதி பயன்பாடு சார்ந்தது. இன்னொரு பகுதி, கலையுலகில் ஏற்கெனவே நிலைபெற்ற பெயர் ஒன்று துணியைத் தொட்டது என்பதிலிருந்து வருகிறது.

கலையில் இடம்

2022-ல் லண்டன் ஹேவர்ட் காட்சிக்கூடம் பூர்ஷ்வாவின் துணி ஆக்கங்களை மட்டும் திரட்டி ஒரு பெரிய கண்காட்சியை நடத்தியது. பின்னர் அது பெர்லினுக்கும் சென்றது. அவருடைய கடைசி ஆண்டுகள் முந்தைய சாதனைகளின் பின்னிணைப்பு அல்ல என்பது அதன்மூலம் பரவலாக ஏற்கப்பட்டது.

பூர்ஷ்வா இருமுறை மீண்டுவந்தவர். 1964-ல் காட்சிக்கூடத்துக்கு, 1996-ல் துணிக்கு. முதலாவது வெளியே தெரிந்தது. இரண்டாவது ஆழமானது. முதல் மீள்வருகைக்குத் தேவைப்பட்டது காட்சிக்கூடத்தின் அழைப்பும் புதிய வடிவங்களும். இரண்டாவதற்கு, தன் குடும்பத் தொழிலைப் பற்றித் தானே அச்சில் சொன்ன கடுமையான தீர்ப்பைத் தாண்டவேண்டியிருந்தது. அத்தீர்ப்பை அவர் எழுத்தில் திரும்பப் பெறவேண்டிய தேவை இருக்கவில்லை. அவருடைய துணி ஆக்கங்களில் பலவீனமானவை அதை உறுதிசெய்கின்றன. வலைகளும் மறதிப் புத்தகமும் அதைக் கடந்து நிற்கின்றன. கோட்டோவியத்தையும் இழைத்தொழிலையும் இணைத்துப் பணியாற்றும் கலைஞர்களுக்கு அவருடைய இடம் அந்த வலைகளாலும் அந்தப் புத்தகத்தாலுமே உருவானது.